வெளிச்சத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், வாலிபர் அரங்கில் நிகழ்த்திய பேச்சு)





பெரியோர் நிறைந்த இச்சபையிலே பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, சமயப் பொருள் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம் என முதலில் எண்ணினோம். ஆனால் அப்பொருளில் எம்மைவிட ஆழ்ந்து கற்றோர் இங்கு பலர் உளர். அன்றியும், சென்ற கூட்டத்தில் எழுந்து விடை காணாமலே நின்றுவிட்ட ஒரு வினா எம் மனத்தை விட்டு அகலவில்லை. நமது சங்க மண்டபத்தின் கூரையிலே சூரியத் தகடுகளைப் பொருத்துவதா, வேண்டாமா என்பதே அவ்வினா. வாலிப உறுப்பினர் ஒருவர் எழுந்து, "உலகமே அந்த வழிக்குத் திரும்பிவிட்டது, நாம் மட்டும் பின்னிற்பதா?" என்றார். உடனே பெரியவர் ஒருவர், "தம்பி, மன்னாரிலே சனங்கள் காற்றாடி வேண்டாம் எண்டு தெருவிலே இருந்ததுகள். நீர் இங்கே தகடு வேணும் எண்டு நிக்கிறீர். இதிலே எது நியாயம்?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ஆயினும் ஒருவரும் விடை கூறவில்லை. அவ்விடையை நாம் தேடினோம். தேடியதில் கண்டவற்றை இன்று உங்கள் முன் வைக்கின்றோம்.

சக்தி என்னும் சொல்

விஞ்ஞானிகள் வேலை செய்யும் ஆற்றலைச் சக்தி என்பர். நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே பௌதிகம் கற்பித்த ஆசிரியர், சக்தியை எவராலும் ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவுக்கு மாற்றவே முடியும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "ஆகவே பிள்ளைகளே, எவராவது உங்களுக்குச் சக்தியை இனாமாகத் தருவதாகச் சொன்னால், அதை எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள்" என்பார். அன்று அதனைப் பரீட்சைக்கான பாடமாகவே கொண்டோம். இன்று அதுவே இப்பேச்சின் மூலக்கருத்தாக நிற்கின்றது.

நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்துக்குள் சேர்ந்தவை. எடுக்க எடுக்கக் குறைவன. காற்று, வெயில், ஓடும் நீர் என்பன அவ்வாறல்ல; இன்று பயன்படுத்தினாலும் நாளை மீண்டும் வருவன. அதனாலேயே இவற்றைப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்கின்றோம். இவற்றுள் நீரையும் காற்றையும் இயக்குவதும் அந்தச் சூரியனே. கடல்நீரை ஆவியாக்கி மலையுச்சியிலே பொழிவிப்பவன் அவன். நிலத்தையும் கடலையும் வெவ்வேறாகச் சூடாக்கிக் காற்றை ஓடச் செய்பவனும் அவன். காலையில் எழுந்து கதிரவனை வணங்கும் வழக்கமுடைய நமக்கு இது புதுமையான செய்தியன்று.

இருளை அறிந்தவர்கள் நாம்

இச்சபையிலே உள்ள பெரியோருக்கு வெளிச்சத்தின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாடு நெடுங்காலம் நாட்டின் பொது மின்சாரமின்றி வாழ்ந்தது. மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலே, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் திரியுமிட்டு, அந்தச் சிறுசுடரைச் சுற்றியிருந்து எம் பெற்றோர் பரீட்சைக்குப் படித்தனர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைக் காலால் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டனர். நாம் பிறந்தது அதன் பிற்காலத்திலே. ஆயினும் அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தோம். 2013 ஆம் ஆண்டிலே கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை உயரழுத்தக் கம்பிகள் வந்த பின்னரே குடாநாடு தேசிய மின்வலையுடன் மீண்டும் இணைந்தது.

அதுவரை நமக்கு வெளிச்சம் தந்தவை பெரும்பாலும் எண்ணெயால் இயங்கிய பொறிகள். அவற்றுக்கு நாம் கொடுத்த விலை யாது? சுன்னாகத்திலே மின்னிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்துக்குள் இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறுகளிலே படிந்தது. நமது நிலம் சுண்ணக்கல் நிலம். துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. ஆறில்லாத நமது நாட்டில், மழைநீர் அக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. அதுவே நமது குடிநீர், அதுவே தோட்டங்களுக்கு நீர். அதற்குள் எண்ணெய் கலந்தால் கழுவி எடுக்க வழியில்லை. 2015 இல் மக்கள் திரண்டு குரலெழுப்பினர். 2019 ஏப்ரலில் நாட்டின் உயர்நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் பணத்தினால் கிணற்றைப் பழைய கிணறாக்க முடியுமா?

ஆகவே, "காற்றாலையும் வேண்டாம், தகடும் வேண்டாம், இருப்பதே போதும்" என்று கூறுவோர் ஒன்றை நினைத்துப் பார்த்தல் வேண்டும். இருப்பதும் இனாமாக இருந்ததன்று.

நீரின் கணக்கு

இலங்கையிலே புதுப்பிக்கத்தக்க சக்தி இன்று நேற்று வந்ததன்று. 1918 ஆம் ஆண்டிலே பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா அவர்கள், மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் விளக்கியுரைத்தார். அன்று அதனை நம்பியோர் சிலரே. முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1950 இல் லக்சபானா மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. தாம் கண்ட கனவு நனவானதைக் கண்டபின் 1953 இல் அவர் மறைந்தார். பின்னர் மகாவலித் திட்டத்திலே கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல என அணைகள் எழுந்தன. 1985 இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை 122 மீற்றர் உயரமும் 210 மெகாவாற்று மின்வலுவும் உடையது. புகையில்லை, கரியில்லை, வெளிநாட்டுக்கு எண்ணெய்ப் பணம் கட்டவேண்டியதில்லை. இந்நன்மைகளை மறுப்பது நன்றிகேடாகும்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்டுவோம். 1969 இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் அமிழ்ந்தது. கடும் வறட்சியிலே நீர் வற்றும்போது, அங்கிருந்த இந்துக் கோயிலின் இடிபாடுகளும் விகாரையின் சின்னங்களும் வெளியே தோன்றுகின்றன. ஊர்மக்கள் சேற்றிலே நடந்து சென்று அங்கு கும்பிடுகின்றனர். விக்டோரியாவின் நீருக்கடியிலே பழைய தெல்தெனிய நகரம் கிடக்கின்றது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாற்று மேல்கொத்மலைத் திட்டத்தினால் சென் கிளயார் நீர்வீழ்ச்சியின் நீர் சுரங்கவழியே திருப்பப்பட்டது. இன்று அவ்வருவிக்கு அளந்தே நீர் விடப்படுகின்றது.

இவற்றினும் எம் மனத்தை அதிகம் உறுத்திய செய்தி ஒன்றுண்டு. மின்கம்பிகள் தேயிலைத் தோட்டங்களின் மேலாகவே கொழும்புக்குச் சென்றன. அக்கம்பிகளின் கீழே லயன் அறைகளிலே வாழ்ந்த நம் இனத் தொழிலாளரின் வீடுகள் பலவற்றிலே, நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. மலையைக் கொடுத்தவர்களுக்கு வெளிச்சம் கடைசியாகவே வந்தது. நண்பர்களே, ஆற்றுக்கும் மீனுக்கும் வரும் கேட்டையே சுற்றாடற் கேடு என எண்ணுகின்றோம். விலையை ஒருவர் கொடுக்க, பொருளை மற்றொருவர் பெற்றுக்கொள்வதும் அக்கேட்டின் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தலாகாது.

நீருக்கு இன்னுமொரு குறையுண்டு. அது வானத்தை நம்பியது. 1996 இல் மழை பொய்த்தபோது நாடெங்கும் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. அதன்பின் நிலக்கரியின் பக்கம் நாடு திரும்பியது. நுரைச்சோலையில் 2011 முதல் 2014 வரை படிப்படியாக 900 மெகாவாற்று அனல்மின்னிலையம் எழுந்தது. அங்கும் சாம்பல் பறக்கின்றது, கரித்தூள் படிகின்றது என அயலூர் மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். கரியோ கப்பலில் வரவேண்டும். கப்பலுக்கு டொலர் வேண்டும். டொலர் இல்லாதபோது என்ன நிகழும் என்பதை 2022 மார்ச் மாத இறுதியிலே கண்டோம். ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாதிருந்தது. அந்நாட்களில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தோர் இச்சபையிலும் உளர்.

எடை போடும்போது

எல்லாவற்றுக்கும் கேடு உண்டெனின், எல்லாம் ஒன்றுதானா? அன்று. இங்கேதான் உணர்ச்சியை விட்டு எண்களைப் பார்க்கவேண்டும்.

உலக நாடுகளின் காலநிலைக் குழு 2014 இல் வெளியிட்ட அறிக்கை, ஒவ்வொரு வகை மின்சாரத்துக்கும் அதன் பிறப்பு முதல் இறப்பு வரை வெளியாகும் கரிவாயுவைக் கணக்கிட்டது. ஆலையைக் கட்டுவது, எரிபொருளைத் தோண்டுவது, இறுதியில் உடைத்து அகற்றுவது யாவும் அதனுள் அடங்கும். ஓர் அலகு மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம். கூரைச் சூரியத் தகடு சுமார் 41 கிராம். நீர்மின் சுமார் 24 கிராம். நிலத்தில் நிற்கும் காற்றாலை சுமார் 11 கிராம். இவை நடுத்தர மதிப்புகள், இடத்துக்கிடம் கூடிக்குறையும். பிறேசில் நாட்டிலே பல்பீனா என்னும் அணை 250 மெகாவாற்று மின்சாரத்துக்காக 2,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட காட்டை மூழ்கடித்தது. அழுகும் மரங்கள் வெளியிட்ட வாயுவினால் அது கரியாலைகளுக்குச் சமமாகவே வைத்துப் பேசப்படுகின்றது. ஆயினும் பொதுவாக நோக்கின், கரிக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளியே.

இது நமக்கு எங்கோ நடக்கும் காரியமன்று. 2024 ஆம் ஆண்டு, உலகின் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையைவிட 1.5 பாகைக்கு மேல் உயர்ந்த முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. கடல் உயர்ந்தால் முதலில் அஞ்சவேண்டியவர் யார்? உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீரைக் குடிப்பவர்களே. அதாவது நாமே.

மன்னாரிலே கண்டது

சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் சென்று பாலாவியில் நீராடி வழிபட்டபின், மறுநாள் நண்பர்கள் சிலருடன் மன்னார்த் தீவுக்குள் பேசாலைப் பக்கமாகச் சென்றோம். பனைகளுக்கு மேலே, வெள்ளை நிறத்தில், அமைதியாகச் சுழலும் காற்றாலைகள் நிரையாக நின்றன. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனித் திட்டம் அது. 30 காற்றாலைகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5 மெகாவாற்று. ஒரு சிறகின் நீளமே 60 மீற்றருக்கு மேற்பட்டது. முதற்பார்வையில் எமக்கு வியப்பும் பெருமையுமே உண்டாயின.

ஏன் மன்னார்? இதற்கு விடை கணிதத்திலே உள்ளது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் வலு எட்டு மடங்காகும். ஆகவே சற்று வேகமாகக் காற்று வீசும் இடமும் பொறியியலாளருக்குப் பெரும் புதையலாகும். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் ஓயாது வீசும் மன்னார் அத்தகைய இடம். குடாநாட்டு வாசலிலே பளைப் பக்கம் பொல்லுப்பளையிலும் வல்லிமுனையிலும் 2014 இல் காற்றாலைகள் எழுந்ததும் இக்காரணத்தாலேயே.

ஆனால் அந்தக் காற்றைத் தேடி மன்னாருக்கு வருவோர் பொறியியலாளர் மட்டுமல்லர். வடக்கே மத்திய ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான மைல் பறந்துவரும் பறவைகளுக்கு இலங்கைக்குள் நுழையும் வாசல் அது. தீவுக்கு எதிரேயுள்ள வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010 இல் றம்சார் உடன்படிக்கையின் கீழ் அனைத்துலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகள் கூட்டமாக இறங்கும் இடம் அது. பறவைக் கூட்டம் நெருங்கும்போது காற்றாலைகளை நிறுத்துவதற்கென ராடார்க் கருவி ஒன்றும் தம்பபவனியில் அமைக்கப்பட்டது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் தீவு சிறியது; முப்பது காற்றாலைகளுக்குப் பொருந்துவது அதன்மேல் இன்னும் பல எழுந்தால் பொருந்தும் என்று கூறிவிட முடியாது.

கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்த முதிய கடற்றொழிலாளர் ஒருவரிடம் பேச்சுக்கொடுத்தோம். "தம்பிமார், காத்துக்கு நாங்கள் எதிரியில்லை. பாய் கட்டி ஓடின ஆக்கள் நாங்கள். கரண்டும் வேணும்தான். ஆனா இந்தத் தூண் ஒண்டு நட முன்னம், எங்களை ஒரு சொல் கேட்டிருக்கலாம்" என்றார். காற்றாலைகளுக்கென மண் நிரப்பி வீதிகள் போட்ட பிறகு, மாரியில் வெள்ளம் கடலுக்கு ஓடாமல் வீடுகளுக்குள் நிற்கின்றது என்றும், கரையோரத்தில் முன்போல் மீன் படுவதில்லை என்றும் அங்குள்ளோர் கூறினர். அவற்றிலே எது காற்றாலையால் வந்தது, எது வேறு காரணத்தால் வந்தது என்பதை ஆராய்ந்தே சொல்லவேண்டும். ஆனால் ஆராயவேண்டியவர் யார்? கேட்கின்ற மக்கள் அல்லரே.

2025 ஆகஸ்டிலே புதிய காற்றாலைகளின் பாரிய பாகங்கள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டபோது, மக்கள் மதகுருமாருடன் இரவுபகலாக வீதியில் இருந்தனர். வேலைகள் ஒரு மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. செப்டெம்பர் இறுதியிலே பொலிஸ் காவலுடன் பாகங்கள் கொண்டுசெல்லப்பட்டபோது கைகலப்பும் நேர்ந்தது. தூய சக்தி ஒன்று பொலிஸ் காவலுடன் ஊருக்குள் நுழையவேண்டி வந்ததே என்பதுதான் எம்மை வருத்தியது. மக்களை முதலில் கேட்டிருந்தால், காவலுக்கு வேலை இருந்திராது.

வெயிலின் கணக்கு

இனி வெயிலுக்கு வருவோம். சம்பூரின் கதையைக் கேளுங்கள். 2006 இல் போரினால் இடம்பெயர்ந்த அம்மக்கள் ஊர்திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். அங்கு கட்ட எண்ணியிருந்த நிலக்கரி மின்னிலையம் 2016 இல் கைவிடப்பட்டது. அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. கரிக்குப் பதிலாக வெயில் வந்தது நல்ல மாற்றமே. ஆனால் அதே ஆண்டு, அதே திருகோணமலை மாவட்டத்திலே முத்துநகர் விவசாயிகள், தாம் உழுத வயல்கள் சூரியத் தகடுகளுக்கெனக் கொடுக்கப்படுவதை எதிர்த்துப் போராடினர். தகடு நிழல் தரும், சோறு தராது. தரிசு நிலமும் கூரைகளும் நாடெங்கும் கிடக்க, நெல் விளையும் நிலத்தைத் தேடிச் செல்வது என்ன நியாயம்?

கூரையின் கதை வேறு. அங்கு எவரும் இடம்பெயர வேண்டியதில்லை. ஒரு மரமும் விழாது. 1 கிலோவாற்றுத் தகடு நம் நாட்டு வெயிலில் மாதமொன்றுக்குச் சுமார் 100 முதல் 120 அலகு வரை தரும். இதை உணர்ந்தே மக்கள் கூரைகளில் தகடு பதித்தனர். ஆனால் இங்கும் சிக்கல் உண்டு. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்னிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்றனர், நாமும் சிரித்தோம். குரங்கு தொடக்கி வைத்தது உண்மையாகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேவை குறைவு, வெயில் உச்சம், பெருஞ்சக்கரங்கள் சுழலும் ஆலைகள் சிலவே ஓடின. அந்தச் சக்கரங்களின் பாரமே மின்வலையை ஆடாமல் தாங்குவது. அது குறைந்தபோது ஓர் அதிர்ச்சியை நாடு தாங்கவில்லை. அதே ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடுகளைப் பகல்வேளையில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. வெயில் கொட்டும்போது வாங்க ஆளில்லை. இரவு 7 மணிக்கு எல்லோரும் விளக்கேற்றும்போது வெயில் இல்லை.

இதற்கு மருந்து பற்றறிகள். பற்றறிக்கும் விலை உண்டு. லிதியம் என்னும் உலோகத்துக்காகச் சிலி நாட்டின் அட்டக்காமா உப்புவெளியில் நிலத்தடி உவர்நீர் இறைக்கப்படுகின்றது. உலகின் கோபாற்று உலோகத்தில் பாதிக்கும் மேலானது கொங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. அவற்றுட் சிலவற்றில் சிறுவர்கள் மண் தோண்டினர் என்ற செய்தியை உலகம் அறியும். நமது ஊரிலோ, பழுதான ஈயப் பற்றறியை உடைத்து அமிலத்தை வளவிலே ஊற்றும் வழக்கம் இன்னும் உண்டு. சுன்னாகத்தின் பாடத்தைக் கற்ற நாம், அதே சுண்ணக்கல்லுக்குள் ஈயத்தை இறக்கலாமா? தகடுகளும் ஏறத்தாழ 25 ஆண்டுகளில் முதுமையடையும். அவற்றை எங்கே கொண்டுபோவது என்பதை இன்றே கேட்கவேண்டும்.

நான்கு கேள்விகள்

பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்பொழுது விடை கூற முயல்கின்றோம். "தகடு வேண்டும் என்பதும், மன்னார் மக்களுக்கு நியாயம் வேண்டும் என்பதும் எப்படி ஒத்துப்போகும்?" ஒத்துப்போகும், ஐயா. காற்றாலை நன்றா தீதா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எங்கே, எவ்வாறு, யாருக்கு என்று கேட்டால்தான் விடை பிறக்கும். ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நான்கு கேள்விகளை நாம் கேட்போம்.

முதலாவது: இது எதற்குப் பதிலாக வருகின்றது? கரிக்கும் எண்ணெய்க்கும் பதிலாக வருமாயின் வரவேற்போம். வயலுக்கும் காட்டுக்கும் பதிலாக வருமாயின் தயங்குவோம்.

இரண்டாவது: அவ்விடத்து மக்கள் முன்னரே, அவர்களுக்கு விளங்கும் மொழியிலே, கேட்கப்பட்டனரா? இல்லை என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருந்ததா?

மூன்றாவது: விலையைக் கொடுப்பவருக்குப் பயனில் பங்குண்டா? காற்றைக் கொடுக்கும் ஊரின் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் மீனவர் துறைக்கும் அதனால் என்ன கிடைக்கும்?

நான்காவது: இது முதுமையடைந்தபின் யார் இதனை அகற்றுவார்?

இந்நான்குக்கும் நேரிய விடை தரும் திட்டத்தை எதிர்ப்பது நமது பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. விடை தராத திட்டத்தை, அது தூய சக்தி என்ற பெயரோடு வந்தாலும், கேள்வியின்றி ஏற்பதும் தீங்கே. "எங்கள் ஊரில் மட்டும் வேண்டாம்" என்று ஒவ்வோர் ஊரும் கூறுமாயின், நுரைச்சோலையிலே கரி எரிந்துகொண்டே இருக்கும். அங்கும் மனிதரே வாழ்கின்றனர்.

நமது வீட்டுக் கணக்கு

பிறரைக் கேட்பதற்கு முன் நம்மையும் கேட்கவேண்டும். சபையோர் மன்னிக்க. நமது கோயில் திருவிழாக்களிலே, மூலஸ்தானத்தில் ஒரு தூண்டாமணி விளக்கு அமைதியாக எரிய, வெளியே வீதிமுழுதும் ஆயிரக்கணக்கான மின்குமிழ்கள் விடியும்வரை எரிகின்றன. டீசல் ஜெனரேற்றர்கள் தேர்முட்டிக்குப் பின்னால் இரைகின்றன. அவற்றின் புகை அடியார்மீதே படிகின்றது. ஒலிபெருக்கி நான்கு ஊருக்குக் கேட்கின்றது. இவையெல்லாம் இறைவன் கேட்டவையா, நாம் ஊருக்கு ஊர் போட்டியிட்டுச் சேர்த்தவையா? சேமித்த ஓர் அலகு மின்சாரத்துக்கு அணை வேண்டாம், காற்றாலை வேண்டாம், தகடும் வேண்டாம். எல்லாச் சக்தியிலும் தூய சக்தி அதுவே. இதைச் சொல்ல எமக்கு வயது போதாது என்று எவரேனும் நினைத்தால், வயதுக்காக எம்மைக் கோபித்துக்கொள்ளுங்கள், கருத்தைத் தள்ளிவிடாதீர்கள்.

இறுதியாக, நமது கூரையைப் பற்றி ஒரு பிரேரணை. சங்க மண்டபத்தின் தென்புறக் கூரையிலே 5 கிலோவாற்று அளவில் தகடுகள் பொருத்தலாம். நமது மாலை வகுப்புகளை விடுமுறை நாட்களிலே பகலுக்கு மாற்றினால், வெயில் உள்ளபோதே அதன் மின்சாரத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பெரிய பற்றறி வேண்டியிராது. விற்போரிடம், பழுதான பொருளைத் திரும்ப ஏற்பதாக எழுத்தில் வாங்குவோம். மின்கட்டணத்தில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை, மின்சாரம் இல்லாத மாணவர் வீடொன்றுக்கு ஆண்டுதோறும் விளக்கேற்றச் செலவிடுவோம். ஊரிலுள்ள பழைய பற்றறிகளைச் சேர்த்து முறையாக ஒப்படைக்கும் பொறுப்பை வாலிபர் பகுதி ஏற்கும். அதற்கு எமது பெயரையே முதற்பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று கேள்வி கேட்ட பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஐயா, நீங்கள் கேட்டிராவிடின் நாம் மன்னாருக்குக் காற்றாலை பார்க்க மட்டுமே போயிருப்போம். அந்தக் கடற்றொழிலாளரின் சொல்லைக் கேட்டிருக்க மாட்டோம். ஜாம் போத்தல் விளக்கிலே படித்த தலைமுறையினர் நீங்கள். ஒரு துளி எண்ணெயையும் எண்ணிச் செலவிட்டவர்கள். அந்தச் சிக்கனத்தை எமக்குக் கற்றுத் தாருங்கள். இந்தப் புதிய கருவிகளின் நுட்பத்தை நாம் உங்களுக்கு எடுத்துரைக்கின்றோம். இரண்டும் சேர்ந்தால் நமது மண்டபத்தில் எரியும் வெளிச்சத்துக்கு வேறெவரும் விலை கொடுக்க வேண்டியிராது.